தலாஸில் மதியத்துக்கு மேல் மழை

செப்டம்பர் பிறந்துவிட்டால் சய்காலுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். தலைநகர் பிஷ்கெக்கில் வானிலை முன்னறிவிப்பு எழுதுவது அவள் வேலை. நரினில் இருக்கும் மாமாவுக்கு மலை மேய்ச்சலிலிருந்து ஆடுகளை இறக்கும்வரை பனி விழக்கூடாது. ஓஷில் கல்யாணம் வைத்திருக்கும் சித்திக்கு வெயில் வேண்டும். கோதுமை விதைத்துவிட்ட பெரியப்பாவோ மழை கேட்பார். வானத்துச் சாவி அவள் இடுப்பில் தொங்குவதைப் போலத்தான் எல்லோரும் பேசுவார்கள்.

தலாஸிலிருக்கும் மாமியார் தொக்தோகன் மட்டும் ஒரு வருஷமாக எதுவும் கேட்பதில்லை. போன இலையுதிர் காலத்தில் சய்கால் மழை வரும் என்று சொல்ல, அவர் அறுத்துப்போட்ட வெள்ளை ராஜ்மா செடிகளைக் காயும் முன்பே அள்ளிக் கொட்டகையில் அடைத்தார். மழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்தது. கொட்டகைக்குள் பாதி ராஜ்மா பூஞ்சை பிடித்தது.

அன்று காலை வரைபடத்தில் மேற்கிலிருந்து குளிர்காற்று இறங்கிக்கொண்டிருந்தது. கிழக்கே வெயில், நரினில் இரவு பனி. அதையெல்லாம் தயங்காமல் எழுதிவிட்டாள். தலாஸ்தான் பிடி கொடுக்கவில்லை. மேகம் மலையைத் தாண்டினாலும் தாண்டும், முட்டிக்கொண்டு நின்றாலும் நிற்கும். ‘சில இடங்களில் மழை பெய்யலாம்’ என்று எழுதினாள். அலுவலகத்துக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை. போனை எடுத்தாள்.

“அத்தை, ராஜ்மா இன்னும் வயல்லயா கெடக்கு?”

“பின்ன, மெத்தை போட்டுப் படுக்க வைப்பாங்களா?”

“மதியத்துக்கு மேல மழை வரலாம் அத்தை.”

“வரலாமா, வருமா?”

“வரத்தான் வாய்ப்பு அதிகம். வராமலும் போகலாம்.”

“நல்லாருக்கே! இதச் சொல்லவா உனக்கு ஆபீஸ்ல நாற்காலி போட்டிருக்கான்?”

“கொட்டகைக்குள்ள கொண்டுபோகாதீங்க அத்தை. வயல்லயே குவிச்சு, தார்ப்பாய் போட்டு மூடுங்க. மழை வரலேன்னா சாயங்காலம் பிரிச்சு விட்டுடலாம். உழைப்பு வீணாகும், ராஜ்மா வீணாகாது.”

“என் இடுப்புகிட்ட வந்து சொல்லு இத” என்று தொக்தோகன் போனை வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் கல்முராத் கூப்பிட்டான். “அண்ணி, அம்மா உங்களத் திட்டிக்கிட்டே எல்லாரையும் வயலுக்கு வெரட்டிட்டாங்க. பக்கத்து வயல்காரங்களையும் விடல. ‘எம் மருமக மழைன்னு சொல்லிட்டா, என்ன வேடிக்கை பாக்குறீங்க’ன்னு ஒரே சத்தம்!”

சய்கால் மறுபடி வரைபடத்தைத் திறந்தாள். ஒரு வீட்டு ஏச்சோடு போகிற விஷயம் இப்போது தெரு முழுக்க ஆகிவிட்டது. திரையில் மேகம் மலை முகட்டிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மதியம் கடந்தும் அசையவில்லை. கல்முராத் செய்தி அனுப்பினான்: ‘இங்க வெயில் பல்லைக் காட்டுது அண்ணி.’

இனி பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று கீழே உணவகத்துக்குப் போனாள். லக்மான் சூப் கிண்ணத்தில் நூடுல்ஸ் ஊறிக் கிடந்தது. சாப்பிட மனம் வரவில்லை. அப்போது மாமியார் கூப்பிட்டார். தகரக் கூரைமேல் கூழாங்கல்லைக் கொட்டுவதுபோல ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது.

“கேக்குதா?” என்று கத்தினார் தொக்தோகன். “ஆலங்கட்டி! மதியம்னு சொன்ன, ஆடி அசைஞ்சு இப்பத்தான் வருது. நாங்க டீயே குடிச்சு முடிச்சிட்டோம்.”

“ராஜ்மா?”

“மூடியாச்சு. ஓரத்துல ரெண்டு குவியல் நனையும், நனையட்டும். நாளைக்கு எப்படி? அதச் சொல்லு.”

“காலைல மேகம் இருக்கும். மதியத்துக்கு மேல வெயில். ஆனா…”

“அந்த ஆனாவையும் சேத்துச் சொல்லுடி. இங்க நாலு பொம்பளைங்க காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்க.”

சய்கால் சிரித்துவிட்டாள். தெரிந்ததை, தெரியாததை, இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எல்லாம் பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பக்கம் மாமியார் அதை உரக்கத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தலாஸில் வெயில் வரத் தாமதமானது. வந்ததும் நன்றாகவே காய்ந்தது. தார்ப்பாய்களை இழுத்துவிட்டு, செடிகளை உதறிப் பரப்பினார்கள். நெற்றுகளுக்குள் ராஜ்மா ஒரு புள்ளி பூஞ்சைகூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது.