ராகு தின்ற கல்யாணப் படங்கள்

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் கலியபெருமாளுக்குக் கம்ப்யூட்டர் வைத்தியமும் கைவந்த கலை என்று ஒரு நினைப்பு. யூடியூபில் ஒரே ஒரு வீடியோ பார்த்துவிட்டு, விண்டோஸை அவரே புது டிஸ்க்குக்குக் குடிமாற்றினார். பழைய டிஸ்க்கைக் கழற்ற மட்டும் மறந்துபோனார். அது சும்மா இருக்குமா? காலி நாற்காலியைக் கண்ட கட்சிக்காரர் மாதிரி, கல்யாணப் படங்கள் இருந்த டிஸ்க்கின் 'டி' என்ற எழுத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. படங்களின் டிஸ்க் 'எஃப்' ஆகிப் பின்னுக்குப் போனது.

இதற்கு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் கூப்பிட்டது அவலூர்பேட்டை நியூமராலஜி ஜோசியர் பாவாடையை. எஃப் என்றால் எட்டு, சனி. பழைய டி நாலு, ராகு. இரண்டும் ஆகாது, ஐந்தாம் எண்ணுள்ள 'எக்ஸ்' வைத்தால் தொழில் கொழிக்கும் என்று போனிலேயே தீர்ப்பானது. வைத்தார். தொழில் கொழித்த அழகை மறுநாள் காலை டிசைனர் வெண்மதி வந்து பார்த்தாள். எந்தக் கல்யாணத்தைத் திறந்தாலும் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை, வெறும் கேள்விக்குறிகள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மீனம்பாள் வந்தார். போன மாதம் அவர் மகள் மஞ்சுவின் கல்யாணத்துக்கு இவர்கள்தான் படம் எடுத்தார்கள். கல்யாணக் களைப்பு தீருமுன்னே கணவர் ராஜாராம் மாரடைப்பில் போய்விட்டார். நாளைக்குக் காரியம். மாலை போட ஒரு படம் வேண்டும். ஆதார் கார்டை விட்டால் அவருக்கு வேறு படமே கிடையாது.

"ராகு கோச்சிக்கினான்மா. படமெல்லாம் பூட்ச்சி" என்று கையைப் பிசைந்தார் கலியபெருமாள். "இரு, பரிகாரத்துக்குக் கற்பூரம் வாங்கியாறேன்."

மீனம்பாளின் முகம் செத்துப்போனதைப் பார்த்து வெண்மதி கம்ப்யூட்டரைத் தோண்டிப் பார்த்தாள். படம் எங்கும் போகவில்லை. ஆல்பம் மென்பொருள் இன்னும் டி என்ற பழைய விலாசத்திலேயே தேடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கையால் தேடலாம் என்றால், முதலாளி ஊர்க் கல்யாணம் அத்தனையையும் ஒரே ஃபோல்டரில் வேர்க்கடலை மாதிரி கொட்டிவைக்கிற ரகம். எது யார் வீட்டுப் படம் என்று அந்த மென்பொருளுக்கு மட்டும்தான் தெரியும்.

கலியபெருமாள் தெருவில் இறங்கியதும், டிஸ்க்குகளுக்கு எழுத்து மாற்றும் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தாள். பழைய டிஸ்க்கிடமிருந்து டி-யைப் பிடுங்கினாள். எக்ஸை டி ஆக்கினாள். மென்பொருளை மூடித் திறந்ததும் கேள்விக்குறிகள் ஒவ்வொன்றாக மனிதர்களாயின.

கையோடு எக்ஸ் என்று ஒரு பெரிய ஸ்டிக்கர் அச்சடித்து, கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில் ஒட்டினாள்.

"இன்னா இது?" என்றார் கற்பூரத்தோடு திரும்பிய கலியபெருமாள்.

"உள்ள இருந்தா கிரகத்துக்கு எப்டிண்ணே தெரியும்? அதான் வெளிய ஒட்டிட்டேன். படம் வந்துட்ச்சி பாருங்க."

பரவசத்தில் அவர் ஸ்டிக்கருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்.

"பாத்தியாம்மா?" என்று மீனம்பாளிடம் திரும்பினார். "எல்லாம் பாவாடை சாரு நம்பர் மகிமை! நீயும் ஒருதபா போய்ப் பாரு."

திரையில் ராஜாராம் பந்தியில் நின்று, சாம்பார் வாளியும் கையுமாக வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். மீனம்பாள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாத்தோம் சார்" என்றார். "கண்ணாலத்துக்கு முன்னாலதான் இவுரு பேர்ல ஒரு எழுத்து சேத்துக் குடுத்தாரு. எம்பது வயசு கெட்டின்னாரு."