நாரும் தாரும்

ஓட்டை என்று ஒன்று கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது. முப்பது வருஷமாகப் படகு அடைக்கிறவன். பலகை இடுக்கில் நாரைத் திணித்து மேலே தாரைப் பூசிவிட்டால் சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது. தீவில் எனக்குப் 'பொத்தல்காரர்' என்றே பெயர். "ஊர் ஓட்டையெல்லாம் அடைக்கிறீங்க, உங்க வாயை யாரு அடைக்கிறது?" என்பாள் மனைவி.

மீன் காயவைக்கும் சூரியப் பெட்டி வந்தபோதும் அந்த வாய்தான் முந்திக்கொண்டது. ஆள் உயரப் பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே கம்பித் தட்டுகள், கூரையை ஒட்டி விரல் நுழையும் அளவில் எட்டுத் துளைகள். வெளியூரிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்த அம்மா அந்தத் துளைகளைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்திலிருந்தவரிடம், "இவ்வளவு பாடுபட்டு ஓட்டைப் பெட்டி செஞ்சிருக்காங்க பாருங்க" என்று கிண்டலடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா படகேறிப் போன மறுநாள் துளைகளில் கை வைத்துப் பார்த்தேன். சூடு குபுகுபுவென்று வெளியே போனது. மனசு கேட்கவில்லை. எட்டையும் உள்பக்கமாக நார் வைத்து, தார் பூசி அடைத்தேன். நாலு நாள் ஆகும் என்று அவர் சொன்ன மீன் ரெண்டே நாளில் காய்ந்தது. வாலை ஒடித்தால் 'டக்'கென்று முறிந்தது. எங்களுக்கு அந்தச் சத்தம் போதும். எல்லோரும் பெட்டியைக் கொண்டாடினார்கள். ஒருநாள் என் கைவேலையைச் சொல்லி எல்லோரையும் அசத்தலாம் என்று காத்திருந்தேன். காற்றுக் காலத்தில் படகு ஓடாமல் கடல் மூடும் இரண்டு மாசத்துக்காகத் தீவின் பதினோரு வீட்டுக்கும் நாற்பத்திரண்டு டின் நிரப்பினோம்.

என் மகள் அப்போது ஏழு மாசக் கர்ப்பிணி. கடைசிப் படகில் மாமியார் ஊருக்குப் போவதாக இருந்தாள்.

"சாப்பாட்டுக்குக் கஷ்டம் வராதுல்லப்பா?"

"அதான் டின் டின்னா இருக்கேம்மா. நீ எதுக்கு அலையணும்?"

இருந்துவிட்டாள். படகு போய்விட்டது.

கடல் மூடிய இருபதாம் நாள் மனைவி முதல் டின்னைத் திறந்தாள். நாற்றம் தெருவரைக்கும் வந்தது. மீன் வெளியே கட்டை மாதிரி இருந்தது. பிளந்தால் உள்ளே கொழகொழவென்று ஈரம், புழு. வீட்டுக்கு வீடு திறந்தார்கள். நாற்பத்திரண்டும் அப்படித்தான். அப்போதுதான் அந்த அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. "ஈரம் போற வழி இது. மூடினா மேல மட்டும் காயும், உள்ள அழுகும்." காதில் விழுந்திருக்கிறது, மண்டையில் ஏறவில்லை.

கரைக்கு ஓடினேன். வெயிலில் இளகிக் கிடந்த தாரை நகத்தால் கிளறி எட்டு அடைப்பையும் பிடுங்கினேன். பெட்டியைக் காப்பாற்ற அல்ல. யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான். பாவி நான்.

கொஞ்ச நேரத்தில் மொத்தப் பேரும் வந்துவிட்டார்கள். "பெட்டிதான் நம்மள ஏமாத்திருச்சு. உடைங்க இதை!" என்றார் மூத்த மச்சான்.

காற்றுக் காலத்திலும் நாளைக்கு நாலு மணி நேரம் வெயில் உண்டு. கரையோரம் வலை போட்டால் பொடிமீன் விழும். துளை திறந்த பெட்டி எங்களைக் கரை சேர்த்திருக்கும். 'நான்தான் அடைச்சேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முப்பது வருஷம் ஓயாத என் வாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டது. கண்ணாடி நொறுங்கியது. பலகைகளை அடுப்புக்குப் பங்கு போட்டார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

மகள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையில என்னப்பா?"

"தாரும்மா. படகு அடைச்சேன்."

"படகெல்லாம் போன மாசமே அடைச்சு முடிச்சிட்டீங்களேப்பா."

அவள் திரும்பிக்கொண்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.