கீழே ஓடும் எழுத்து

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் வந்தபோது, கணவர் டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். இந்த வருஷம் சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் தின்றபின் வெளிச்சமும் நிழலும்தான் அவருக்கு மிச்சம்.

“அந்த டாக்டர் படத்தப் போடேன். கீழ எழுத்து ஓடும்ல, அத மட்டும் படிச்சுச் சொல்லு.”

அதுவும் ஜப்பானியப் படம்தான். பழைய ஜப்பானியப் படமென்றால் அப்பாவும் மகளும் உயிரை விடுவார்கள். போரில் தோற்ற ஊர், மரவீடுகள், கறுப்பு வெள்ளை. யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். இவள் துணி மடித்தபடி, “உங்க ஜப்பான்காரன் கேமராவ வெச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டானா?” என்பாள். “இப்பத்தான் ஒருத்தர் எந்திரிச்சுப் போயிருக்காரும்மா. காலி அறையப் பாத்தாலே தெரியுதுல்ல?” என்பாள் மகள். மகளை ரத்தப் புற்று கொண்டுபோனது போன வருஷம். அதற்கப்புறம் வீட்டில் அந்தப் படங்களை யாரும் தொடவில்லை.

போட்டாள். குண்டுவீச்சில் மனைவியை இழந்த ஒரு தச்சன், நெஞ்சு நோயில் படுத்திருக்கும் அவன் மகள். ஆங்கில எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள், எப்போது தானும் படத்துக்குள் போனாளோ. மகளைப் பார்த்து முடித்த டாக்டர் கை கழுவுகிறார். அவ்வளவு நேரமும் தச்சன் துண்டோடு நிற்கிறான். முகத்தில் ஒன்றுமில்லை, கட்டைவிரல் மட்டும் துண்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டேயிருக்கிறது. ஒரு மனிதன் பயப்படுவதை இப்படியும் காட்ட முடியுமா என்று அவள் திகைத்துப்போனாள். வசந்தம்வரை தாங்காது என்று கீழே எழுத்து ஓடியது.

“நல்லா ஓய்வெடுத்தா சரியாயிடுமாம்” என்றாள்.

“டாக்டர் அப்படிச் சொல்லமாட்டாரே.”

“தெரிஞ்சிருந்தா என்னை எதுக்குப் படிக்கச் சொல்றீங்க?”

அவர் தடவித் தடவி ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். “ஆஸ்பத்திரியிலயும் இதேதான் சொன்ன. சரியாயிடும்னு. உன் லேபுலதான ரத்தம் பாத்தாங்க? உனக்குத் தெரியும்தான?”

மகளின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தவளே அவள்தான். அணுக்களை எண்ணிப் பார்க்கவே தேவைப்படவில்லை, பார்த்ததும் தெரிந்துவிட்டது. யாரிடமும் வாய் திறக்காமல் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

“தெரியும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவ போன அன்னைக்கு மாத்துத்துணி எடுக்கன்னு வீட்டுக்கு வந்திருக்கமாட்டேன். அவ பக்கத்துலயே உக்காந்திருப்பேன்.” குரல் உயரவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

“நீங்க தாங்கமாட்டீங்கன்னு நெனச்சேங்க.”

“இப்ப மட்டும்?”

பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. அவரே படத்தை ஓடவிட்டார்.

“இருக்கறத அப்படியே சொல்லு. கூட்டாத, குறைக்காத.”

வசனம் நின்றுபோயிருந்தது. காற்றின் சத்தம் மட்டும்.

“என்ன தெரியுது?”

“அவ படுத்திருந்த இடம். படுக்கையைச் சுருட்டி வெச்சிருக்காங்க.”

“அப்புறம்?”

“யாருமில்ல. ஜன்னல் தொறந்திருக்கு. வெளிய கொடியில அவ சட்டை காயுது.”

அவர் முகத்தைத் திரையின் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினார். காற்றில் சட்டையின் ஒரு கை மெல்ல எழுந்து, சற்று நின்று, தணிந்தது. மறுபடி எழுந்தது.