இருபத்தேழு பூட்டிய வீடுகள்

அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னதும் கொர்னேலியஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள எங்கள் அலுவலகத்தில், வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்கள் பலன் தருகின்றனவா என்று பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர்.

"உஷாராணி, டிராமா வேணாம் லா. சர்வே செஞ்சதே நீதானே?"

நான்தான். அதுதான் வயிற்றெரிச்சல். கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் குழந்தைக் காப்பகம் ஒன்று நடக்கிறது. தாய்மார்கள் வேலைக்குப் போகட்டும் என்றுதான் அதைத் திறந்தார்கள். எத்தனை பேர் போகிறார்கள் என்று பார்க்க, மூன்று நாள் காலை பத்து மணிக்குப் படியேறினேன். கதவு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டைத் தட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. தட்டினேன். கதவு திறந்த நாற்பது வீட்டில் முப்பத்தாறு தாய்மார்களுக்கு வேலை இல்லை என்று எழுதிக்கொண்டு வந்தேன். பலன் இல்லை, மாதக் கடைசியில் காப்பகத்தை மூடலாம் என்று அறிக்கை தயாராகிவிட்டது.

அட மடச்சி! காலை பத்து மணிக்குக் கதவைத் திறப்பவள், வேலைக்குப் போகாதவளைத் தவிர வேறு யாராக இருப்பாள்? வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் எனக்கு அது உறைத்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

"பூட்டியிருந்த வீடு இருபத்தேழு, பாஸ். அவங்கள்லாம் எங்க போனாங்கன்னு நாம கேக்கவே இல்ல."

"ரூல் அப்படித்தான். மூணு மணிக்கு மீட்டிங். நீ சும்மா உக்காந்திரு, போதும்."

சும்மா உட்கார எனக்கு எப்போது வந்தது!

மூன்று மணிக்கு, நிதி கொடுக்கும் அமைப்பின் அம்மாள் திரையில் வந்தார். கொர்னேலியஸ் தொண்டையைச் செருமுவதற்குள் என் கைப்பேசியை நடு மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி அழைத்தேன். நான்காம் மாடி வாணி. காப்பகப் பதிவேட்டில் எண்ணை எடுத்து, அவளுக்கு எப்போது தேநீர் இடைவேளை என்று முந்தின நாளே கேட்டு வைத்திருந்தேன். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

"வாணி, போன செவ்வாய்க்கிழம காலைல உங்க வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருந்துச்சு."

"ஐயோ அக்கா, நான் ஃபேக்டரில இருந்தேன் லா! பிள்ளைய கீழ விட்டுட்டு ஆறரைக்கே பஸ் ஏறிடுவேன். வீட்டுல உக்காந்து உங்களுக்குக் கதவு தொறக்கறதுன்னா, அந்த சென்டர் எனக்கு எதுக்கு?"

என்ன சொல்கிறாள் என்று திரையில் இருந்த அம்மாள் கேட்டார். ஒரு சொல் குறைக்காமல் நானே ஆங்கிலத்தில் சொன்னேன். விதி போட்டது நாங்கள், தப்பான நேரத்தில் போனது நான் என்றும் சொன்னேன்.

அம்மாள் வெகுநேரம் எதையோ எழுதினார். பிறகு, மூடும் முடிவை நிறுத்தி வைப்பதாகவும், மறுபடி போய்ப் பார்த்து வரும்படியும் சொன்னார்.

திரை அணைந்தது. கொர்னேலியஸ் என்னை முறைத்தார்.

"ஞாயித்துக்கிழம போறேன், பாஸ். நீங்களும் வாங்க," என்றேன். "லிஃப்ட் வேலை செய்யாது. அந்த இருபத்தேழு கதவையும் நீங்களே தட்டுங்க."