முழு நிமிடம்

கொத்தனார் கடைசிக் கரண்டிச் சாந்தைப் பூசிக்கொண்டிருந்தார். கல்லறைச் சுவரின் மூன்றாவது அடுக்கு மாடத்துக்குள் எலாதியோவின் சவப்பெட்டி போயாகிவிட்டது. மழையில் குடை பிடித்து நின்றவர்கள் ஆறே பேர். இந்தச் சுரங்க ஊரின் கால்பந்து அணிக்குப் பதினான்கு வருடம் நடுக்களத்தில் ஆடிய மனிதருக்கு ஆறு பேர்! மனைவி எர்மினியா இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள்.

கிளப் தலைவர் ரொகேலியோ பக்கத்தில் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாடி அண்ணனுக்காக ஒரு நிமிஷம் மௌனம் வெக்கிறோம் அண்ணி."

"முழு நிமிஷமா?"

"என்ன கேள்வி அண்ணி இது? நிமிஷம்னா நிமிஷந்தானே."

அந்த நிமிடத்தின் லட்சணம் அவளுக்குத் தெரியும். எலாதியோ ஆடுவதை நிறுத்திய பிறகு அவரோடு அரங்கில் உட்கார்ந்து எத்தனை மௌனங்களைப் பார்த்திருக்கிறாள்! இருபது விநாடிக்குள் நடுவர் விசிலை ஊதிவிடுவார். "செத்தவனுக்கு என்ன அவசரம்? ஊதுறவனுக்குத்தான் அவசரம்" என்று எலாதியோ சிரிப்பார்.

அவர் எதற்கும் அவசரப்பட்டவர் இல்லை. பெரிய நகரத்து அணி ஒன்று கூப்பிட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்றார். சீசன் முடியும்வரை யோசித்தார். அடித்தது மொத்தம் மூன்று கோல், அதில் ஒன்று சொந்த வலையில். பந்து வந்தால் காலால் மிதித்துக்கொண்டு நிற்பார். எதிரணியில் நாலு பேர் அவரை நோக்கிப் பாய்ந்து வரும்வரை நிற்பார். பிறகுதான், தனியாக விடப்பட்ட சகாவுக்குத் தட்டிவிடுவார். கோல் அடித்தவனை ஊர் தோளில் தூக்கிக்கொள்ளும். இவரைப் பார்த்து, "தூங்குறியாடா? சீக்கிரம் குடுடா!" என்று கத்தும். அப்போதெல்லாம் எர்மினியா கூட்டத்துக்கு நடுவில் தலையைக் குனிந்துகொள்வாள். ஒருநாள்கூட அவருக்காக வாய் திறந்ததில்லை. இப்போது அதுதான் நெஞ்சை அறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, அவருடைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலியாகக் கிடந்தது. ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொன்னதும் எல்லோரும் எழுந்தார்கள். சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம் நின்றது.

பதினெட்டாவது விநாடியில் விசில்.

கை தட்டினார்கள், உட்கார்ந்தார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது. எர்மினியா மட்டும் உட்காரவில்லை. கடிகாரத்தை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தபடி நின்றாள்.

"உக்காரும்மா, மறைக்குது!"

இருபத்தாறு.

"அந்தம்மாவுக்குக் காது கேக்கலையா? யாராச்சும் இழுத்து உக்கார வைங்கப்பா!"

விதைத் தொலி ஒன்று தோளில் வந்து விழுந்தது. நாற்பது.

"தூங்குறியா? சீக்கிரம் உக்காரு!"

அவள் தலை குனியவில்லை.

அறுபது ஆனதும் கையை இறக்கினாள். பக்கத்து இருக்கையில் சிதறிக் கிடந்த தொலிகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். அப்புறம் மெதுவாக உட்கார்ந்தாள்.