மூன்று கல் தள்ளி

பைப்காரர் ஜெபம் பண்ணினால் தெருவுக்கே கேட்கும். ஆண்டவரோடு சண்டை போடுவதுதான் அவருடைய ஜெபம். அவர் மனைவி பக்கவாதத்தில் விழுந்து ஐந்து மாதம். பேச்சு போய்விட்டது. முதல் ஆறு மாதம்தான் முக்கியம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் பத்து நிமிடம் யாராவது எதிரில் உட்கார்ந்து, அவளாக வாய் திறக்கும்வரை பொறுத்திருக்க வேண்டுமாம்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு உட்காருவது பைப்காரர்தான். உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"எட்டிப் பார்த்தானா உன் மகன்? போன்ல விசாரிச்சா போதுமாம் தொரைக்கு! அன்னைக்கு ஆஸ்பத்திரில ரெண்டு மணி நேரம் பெஞ்சில உக்கார வச்சானே ஒருத்தன், அவன் நல்லா இருப்பானா?"

அவள் உதடு அசையும். இவர் குரல் ஏறும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். மகன் வயதுதான் இருக்கும்.

"நேத்தையும் நாளையையும் ஆண்டவர்கிட்ட விட்டுடுங்க ஐயா. அவர் இந்த நிமிஷத்துல இங்க இருக்கார். நீங்களும் அம்மா பக்கத்துல சும்மா இருங்க. அதுவே ஜெபம்தான்."

"சும்மா இருக்கறதுக்கு உங்களுக்குச் சம்பளம் கிடைக்குது பாஸ்டர். எனக்கு யார் குடுக்கறா?"

"அப்பா!" என்றாள் மகள்.

"உள்ளதைச் சொன்னா உனக்கு என்ன?"

செவ்வாய்க்கிழமை அதே பாஸ்டர் ஆள் அனுப்பினார். ஜெப மண்டபத்துச் சுவரில் ஈரம் ஏறுகிறது, தரைக்கடியில் எங்கோ பைப் கசிகிறது. பைப்காரர் கடுகடுவென்றுதான் போனார். அங்கே பைப் பதித்தவரே அவர்தான், போகாமல் இருக்க முடியுமா?

இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார். தண்ணீர் எங்கே ஒழுகுகிறதோ அங்கே சீறும். ஒரே ஒரு கல்லைத்தான் பெயர்ப்பார். நாற்பது வருஷத்தில் இரண்டாவது கல்லைத் தொட்டதில்லை.

அன்றைக்குக் கம்பியில் காதை வைத்துக்கொண்டே மனசுக்குள் மகனோடு மல்லுக்கு நின்றார். அவன் ஒன்று சொல்ல, இவர் ஒன்பது சொன்னார். சத்தம் கேட்டதுபோல் இருந்தது. கோடு போட்டு உடைத்தார். காய்ந்த மண். பக்கத்துக் கல்லைப் பெயர்த்தார். அதிலும் மண். மூன்றாவதிலும் அதுவே.

"இங்க இல்ல போலிருக்கே ஐயா."

"வாயை மூடுங்க பாஸ்டர்! நீங்க விடற மூச்சுல எனக்கு ஒரு எழவும் கேக்கல!"

பாஸ்டர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். மண்டபத்தில் இப்போது ஈ, காக்காய் இல்லை. ஆனாலும் யாரோ கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். யார் குரல் என்று அவருக்குத் தெரியாதா என்ன? செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

குப்புறப் படுத்துக் கம்பியை ஊன்றினார். நினைப்பில் மகன் வந்தான். போடா என்றார். ஆஸ்பத்திரிக்காரன் வந்தான். அவனையும் தள்ளினார். மறுபடி வந்தார்கள், மறுபடி தள்ளினார். அப்புறம்தான் கேட்டது, நூல்போல ஒரு சீறல். மூன்று கல் தள்ளி. அவர் திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது அங்கேயேதான் சீறிக்கொண்டு இருந்திருக்கிறது.

ஐந்து மாதம்! பல்லைக் கடித்துக்கொண்டு கசிவை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கைகால்கூடக் கழுவாமல் மனைவி எதிரில் உட்கார்ந்தார். திட்டு வரப்போகிறது என்று அவள் முன்கூட்டியே கண்ணை மூடிவிட்டாள். அதைப் பார்த்ததும் அவருக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தையும் தள்ளினார்.

'ஆண்டவரே, இங்கதான் இருக்கேன்' என்று மட்டும் மனசுக்குள் சொன்னார்.

அவள் கண்ணைத் திறந்தாள். உதடு அசைந்தது, நின்றது. சொல்லித் தொலையேன் என்று பல்வரை வந்ததை விழுங்கினார். கடிகாரத்தில் நாலு நிமிடம் ஆயிருந்தது. மகள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"க..." என்றாள் மனைவி. "கத்..."

அவர் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கத்தாத."

"நான் இப்ப எங்கடி கத்தினேன்?" என்று வீடே அதிரக் கத்தினார்.

மகள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. மனைவியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறாள்.

"பாஸ்டருக்குப் போன் பண்ணட்டுமாப்பா?"

"அப்புறம் பண்ணு. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு, சத்தம் போடாத."