அன்னப் பார்டர் அழிந்த மதியம்

பிள்ளையார்பாளையத்தில் பட்டுச்சேலைகளுக்குக் கணினியில் டிசைன் வரைந்து கொடுக்கும் கடை அது. வரைவது கிரேஸ். வரைந்த கோப்புகளை வெளி டிஸ்க்கில் ஏற்றி வைப்பது புதிதாக வேலைக்குச் சேர்ந்த அம்பரீன். ஒவ்வொன்றாகத் தேடித் தேடி ஏற்றிச் சலித்துப்போனவள், கணினியே அந்த வேலையைச் செய்யும்படி கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்டை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

அவள் எழுதியது சின்னதுதான். இஃப்: அதே பெயரில் டிஸ்க்கில் கோப்பு இருந்தால் அதைத் தொடாதே. எல்ஸ்: இல்லாவிட்டால் கணினியில் இருப்பதை அங்கே நகலெடு. கிரேஸ் சாப்பிடப் போயிருந்தபோது அதை ஓட்டிப் பார்த்தாள். திரையில் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்', அப்படியொரு கட்டளையே இல்லை என்று திரும்பத் திரும்ப வந்தது. கோப்புகள் நகலாகிக்கொண்டுதானே இருக்கின்றன என்று விட்டுவிட்டாள்.

கிரேஸ் வந்து டிஸ்க்கைத் திறந்தாள். கல்யாணச் சேலைக்கான அன்னப் பார்டரில் ஓர் அன்னத்துக்கும் தலை இல்லை. வீட்டு லேப்டாப்பில் டிஸ்க்கைச் செருகி, டிஸ்க்கில் இருந்த கோப்பிலேயே அவள் வரைந்து முடித்திருந்த பார்டர் அது; வேறு நகல் கிடையாது. கடைக் கணினியில் கிடந்த அரைகுறைப் பழைய கோப்பு இப்போது அதன் இடத்தில் இருந்தது.

"இருந்தா தொடாதேன்னுதான்க்கா எழுதிக்கிறேன்," என்றாள் அம்பரீன்.

"அப்போ ஏன் தொட்டுச்சு?"

கிரேஸ் மறுபடி வரைய உட்கார்ந்தாள். அம்பரீன் இன்னொரு கணினியில் தனியாக ஒரு சோதனை ஃபோல்டர் உண்டாக்கி ஸ்கிரிப்ட்டை நோண்டினாள். மேற்கோள் குறிகளைப் போட்டாள், எடுத்தாள், முழுவதையும் அழித்து மறுபடி அடித்தாள். அதே வரிதான் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் வேலை செய்யும் அண்ணன் இம்ரானுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். அவன் கூப்பிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்குது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். கீபோர்டைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. பின்னால் கேட்ட கிரேஸின் மவுஸ் சத்தம் ஒவ்வொன்றும் தன்னைத் திட்டுவதாகவே அவளுக்குப் பட்டது.

கடைசியில், அவ்வளவு நேரமும் அலட்சியம் செய்த அந்த வரியையே இணையத்தில் தேடினாள். இஃப்புக்குப் பின் வரும் சதுர அடைப்பே ஒரு கட்டளையாம். அதற்கு அடுத்து இடைவெளி விடாவிட்டால், அடைப்பும் அதற்குப் பின் வரும் எழுத்தும் ஒட்டிக்கொண்டு ஷெல்லுக்குத் தெரியாத ஏதோ கட்டளையாகிவிடும். தெரியாத கட்டளை தோற்றுப்போகும். தோற்றால் நிபந்தனை பொய் என்று எல்ஸுக்குப் போய்விடும். அப்படித்தான் எல்லாக் கோப்பும் போயிருந்தது. வீடியோவில் இடைவெளி இருந்தது. அழகுக்கு விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து இவள்தான் நெருக்கி அடித்திருந்தாள்.

இடைவெளி விட்டு ஓட்டினாள். சோதனை ஃபோல்டரில் இருந்த பழைய கோப்புகள் அப்படியே இருந்தன. சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. போய்ச் சொன்னபோது கிரேஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு ஸ்பேஸுக்காடி நான் இத்தினி தலை வரைஞ்சிக்கினு இருக்கிறேன்?"

போகும்போது கிரேஸ் டிஸ்க்கைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் பார்டர் முடிந்தது. திங்கட்கிழமை காலையில் கிரேஸ் டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல இருக்கிறதுக்கெல்லாம் இன்னொரு காப்பி எங்க வீட்டு லேப்டாப்ல வச்சிக்கிறேன். இப்போ ஓட்டு, நான் பார்க்கணும்."

அம்பரீன் ஓட்டினாள். திரையில் வந்ததை ஒரு வரிகூட விடாமல் படித்துக்கொண்டே கிரேஸ் பக்கத்தில் நின்றாள்.